மல்லிகைப்பூவுக்கு ஒரு கூடுதல் பட்டை

என் புது பிக்கப் வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் பரம சாது. ஐம்பத்தைந்தைத் தொட்டதும் அதற்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, இடுப்பு வழியாக ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு வந்து, கடைசியில் மேலே இருக்கிற கண்ணாடியில் போய் உட்காரும். அதில் பின்னால் வருகிற ஒரு பஸ் மூன்று பஸ்ஸாகத் தெரியும். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார், பசை விட்டுப்போய், மெல்ல மெல்லத் திரும்பி, பத்தே நாளில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஓட்டுகிற லட்சணத்தில் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது என்றாள் என் மனைவி.

ஐம்பதிலேயே ஓட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நான் பூ வண்டிக்காரன். ஆத்தூர், சித்தையன்கோட்டை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடிகாலையில் பறிக்கிற மல்லிகையை வாங்கி, வெயில் ஏறுவதற்குள் நிலக்கோட்டை மார்க்கெட்டில் இறக்கவேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் அதை வாங்க ஆள் இருக்காது. நான் ஐம்பதில் ஊர்ந்துகொண்டு போக, டப்பா வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு என்னை முந்திப் போயின. மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் ஒருத்தர், "என்னண்ணே, புது வண்டிய மாட்டுல கட்டி இழுத்துட்டு வாரீங்களா?" என்று கேட்டார். சிரிக்கிற மாதிரி நடித்தேன்.

இத்தனைக்கும் வண்டி எடுத்த அன்றைக்குச் செய்யவேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கோயில் வாசலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, வீட்டுக்கு வருகிற வழியில் திண்டுக்கல் பைபாஸில் ஒரு பட்டறையில் நிறுத்திப் பின்பக்கம் ஒரு பட்டையும் ஏற்றிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைந்தேன். பட்டை என்றால், பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக வில் போல அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகள். கம்பெனி கொடுத்ததோடு ஒரு தகட்டைக் கூடச் சேர்த்துக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பி நிற்கும், கனம் தாங்கும். எங்கள் பக்கம் எல்லாருமே செய்வதுதான். அப்பா தேங்காயும் வெங்காயமும் ஏற்றிய காலத்தில் வாங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்தார். நானும் செய்தேன், செய்ததோடு மறந்தும் போனேன். பிள்ளைக்குக் காது குத்திய பிறகு, டாக்டர் "குழந்தைக்கு ஆபரேஷன் ஏதாவது செய்திருக்கிறீர்களா" என்று கேட்டால் யாராவது காது குத்தியதைச் சொல்வார்களா?

இந்த வண்டியை எனக்குச் சிபாரிசு செய்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. திண்டுக்கல்லில் நான் வண்டி வாங்கிய ஷோரூமின் பின்னாலேயே சர்வீஸ் சென்டர். அங்கே அவன் மெக்கானிக்காகச் சேர்ந்து வருடம் முடியப்போகிற நேரம். வருடம் முடிந்ததும் வேலையை நிரந்தரம் செய்வார்கள். ஆனால் அவன் பெயரில் தீராத புகார் ஒன்றுகூட நிலுவையில் இருக்கக்கூடாது. அவன் பெயரில் இருந்த ஒரே தீராத புகார் என்னுடையது.

முதல் தடவை போனபோது சக்கரங்களை பேலன்ஸ் பார்த்தான். இரண்டாம் தடவை நாலு டயரையும் இடம் மாற்றிப் போட்டான். மூன்றாம் தடவை எஞ்சினைத் தாங்குகிற ரப்பரையெல்லாம் புதிதாக மாற்றினான். ஒவ்வொரு தடவையும் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பான்.

"மாமா, வாங்குனதுக்கு அப்புறம் வண்டியில எதையாச்சும் மாத்துனீங்களா?"

"ஒரு நட்டக்கூட தொடலடா மாப்ளே."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். நாலாம் தடவை போனபோது அது மூக்கைத் தாண்டிவிட்டது. வண்டியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மச்சினன் அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷோரூமில் புது வண்டி பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, மரியாதையாகத்தான், அதே கேள்வியைக் கேட்டார். அவ்வளவுதான்.

"எத்தன தடவ கேப்பீங்க? நான் எதையாச்சும் மாத்தியிருந்தா இந்த மீசைய எடுத்துர்றேன். இல்லைன்னா எனக்கு வேற வண்டி குடுங்க!"

என் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இருபது வயதிலிருந்து வளர்ப்பது. மார்க்கெட்டுக்குள் அது முதலில் நுழையும், நான் பின்னால் நுழைவேன். அதன்மேல் கையை வைத்துச் சொன்ன சொல்லைக் கேட்டு மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். அடியிலிருந்து வெளியே வந்த மச்சினன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, வண்டியை மாற்றித் தரவேண்டும் என்று காரசாரமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மச்சினன் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அவன் போனபிறகு மனைவி கேட்டாள்.

"உங்க தாளு அவன் பைலுல இருக்குற வரைக்கும் அவனுக்கு வேலை நிலைக்காதாம். தெரியுமா ஒங்களுக்கு?"

"அதுக்காக நடுங்குற வண்டிய வச்சுக்கிட்டு நான் தாளம் போடவா?"

அன்றைக்கு ராத்திரியிலிருந்து என் தட்டில் சோறும் ரசமும் மட்டும்தான் விழுந்தன. வெஞ்சனம் என்று தொட்டுக்கொள்ள ஒரு அப்பளம்கூடக் கிடையாது. அவள் சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் இப்படி ஓடியது. ரசத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில் அவள் சிரிப்பு இல்லாததுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஆனாலும் தாளைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

அப்போதுதான் ஆத்தூரிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி, பழகிய மனிதர்தான், போன் செய்தார். "அண்ணே, நம்ம லாரி மக்கர் பண்ணிருச்சு. திண்டுக்கல் மண்டிக்கு ஒரே ஒரு நடை அடிச்சுக் குடுங்க." பூ இறக்கிவிட்டு வந்த பிறகு வண்டி சும்மாதானே நிற்கிறது, சரி என்றேன். "நானும் வாரேன், தம்பியப் பாக்கணும்" என்று மனைவி ஏறி உட்கார்ந்துகொண்டாள். என்னிடம் மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

தேங்காயை வஞ்சகமில்லாமல் ஏற்றியிருந்தார்கள். வண்டியின் பின்பக்கம் நன்றாக அமர்ந்து போயிருந்தது. பூவை வைத்துக்கொண்டே இந்த ஆட்டம் ஆடுகிற வண்டி, இம்புட்டுத் தேங்காயோடு என்ன கூத்தடிக்குமோ என்று பயந்துகொண்டேதான் கிளம்பினேன். செம்பட்டி தாண்டியதும் ரோடு சும்மா கிடந்தது. ஐம்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு. அறுபது. ஒன்றுமே இல்லை. வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போனது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ஒரே பஸ்ஸாக வந்தது.

"ஏங்க, ஆட்டத்தக் காணோம்?"

"பாரம் அமுக்குதுல்ல."

"அப்ப வெறும் வண்டியா இருந்தா ஆடுது. பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கிறதாலயா?"

"பட்டை ஏத்துனா அப்படித்தான் தூக்கி நிக்கும்."

அவள் முழுசாக என் பக்கம் திரும்பினாள். "என்ன பட்டை?"

"வண்டி எடுத்த அன்னைக்கே பைபாஸ்ல ஏத்துனேன்ல."

"இத எந்தம்பிக்கிட்ட சொன்னீங்களா?"

"அது எல்லாரும் பண்றதுதான? அதப் போயி என்னன்னு சொல்றது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே தேய்ந்து கேட்டது.

"மல்லியப்பூ ஏத்துற வண்டிக்கு?" என்றாள். "மல்லியப்பூவுக்கு... பட்டை?"

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மூன்று வாரச் சிரிப்பையும் சேர்த்துவைத்து, திண்டுக்கல் எல்லை வரைக்கும் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சிரிப்பு திரும்பி வந்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் முகத்தில் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

தேங்காயை மண்டியில் இறக்கியதும் வண்டி பழையபடி நடுங்க ஆரம்பித்தது. நேராகப் பட்டறைக்கு விட்டேன். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தத்தாண்ணே வருவாக. கழட்ட வந்த மொத ஆளு நீங்கதான்." கழற்றிய பட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு பைபாஸில் ஒரு சுற்று ஓட்டினேன். ஐம்பத்தைந்து, அறுபது, எழுபது. பின்னால் கிடந்த பட்டைதான் புரண்டு கணீர் கணீர் என்றதே தவிர வண்டியில் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை.

அங்கேதான் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. பட்டையை ஓடையில் வீசிவிட்டு, மச்சினனுக்குப் போன் போட்டு "எப்படியோ தானா சரியாயிருச்சு மாப்ளே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாரண்டியும் தங்கும், மீசையும் தங்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் பைலில் என்ன எழுதியிருக்கும்? நாலு தடவை பார்த்தும் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத மெக்கானிக் என்றுதானே இருக்கும்? செய்யாத தப்புக்கு அவன் வேலையை இழக்க, நான் மீசையை முறுக்கிக்கொண்டு அவன் அக்கா வைக்கிற சோற்றைத் தின்ன முடியுமா? போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

ஷோரூமுக்குள் பட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். அன்றைக்கும் வண்டி பார்க்க ஆட்கள் நின்றார்கள். அன்று எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் சொன்னேன்.

"மேனேஜர் சார், வண்டி ஆடுனதுக்குக் காரணம் இதுதான். நான்தான் ஏத்துனேன். உங்ககிட்ட சொல்லாம விட்டதும் நான்தான். உங்க மெக்கானிக் மேல ஒரு தப்பும் இல்ல."

மேனேஜர் விளக்கினார். பின்பக்கம் எழும்பி நின்றதால், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டு கோணலாக நின்று சுழன்றிருக்கிறது. நல்ல பாரம் ஏறினால் அது நேராகிவிடும், பூ ஏற்றினால் ஆகாது. பின்பக்கத்து வேலைகளுக்கு இனிமேல் வாரண்டி கிடையாது என்றும் சொன்னார். போகட்டும் என்றேன். என் பழைய தாளை வாங்கி, அதற்குக் கீழேயே நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை. எனக்குப் பொறி தட்டியது. எதிர்த்த டீக்கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒனக்கு எப்படா தெரியும்?"

"நாலாவது தடவதான் மாமா. கனம் ஏத்துற மாடலுக்குக் கம்பெனியே பட்டை கூட வச்சு விடும். நீங்க கடைசியில அத எடுத்துட்டீங்கன்னு மொதல்ல நெனச்சுட்டேன். அன்னைக்கு டார்ச் அடிச்சுச் சொரண்டிப் பாத்தா ஒண்ணுல மட்டும் கம்பெனி நம்பர் இல்ல. சொல்லலாம்னு வெளிய வாரேன், நீங்க மீசையில கை வச்சு நிக்கிறீங்க."

"அதுக்கு? சொல்ல வேண்டியதுதான?"

"பத்துப் பேரு முன்னாடியா? எங்கக்கா புருசன் பொய் சொல்றாருன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும் மாமா. கை வரல. வீட்டுக்கு வந்தா தோட்டத்துக்குப் போயிட்டீங்க. அதான் தேங்காய ஏத்தி விட்டேன்."

"அந்த ஆளு லாரி?"

"லாரி நல்லாத்தான் ஓடுது."

"ஏலே, நான் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்காமப் போயிருந்தா ஒன் வேலை?"

"வேற வேலை தேடிக்கிறலாம். வேற மாமாவத் தேட முடியுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அதிகமாக அவன்மேல் பிரியம் வந்தது. தேங்காய் விஷயம் என் மனைவிக்கும் முன்கூட்டியே தெரியுமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

மீசை விஷயத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. "அதெல்லாம் கோவத்துல சொன்னது, விடுங்க மாமா" என்றான் அவன். பத்துப் பேர் முன்னால் அவன் பெயரைக் கெடுத்த வாய்க்கு மேலேயே அது இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற வழியில் செம்பட்டி சலூனில் உட்கார்ந்து எடுத்துவிட்டேன். வீட்டில் அன்றைக்கு நான் பட்ட பாட்டையும், மறுநாள் மார்க்கெட்டில் பட்ட பாட்டையும் தனித்தனியாகச் சொல்லவேண்டாம். கமிஷன் கடைக்காரர் மட்டும் என்னை யாரென்று கேட்டார்.

அந்த வார முடிவிலேயே மச்சினனுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மறுநாள் காலை நிலக்கோட்டைக்கு என்னோடு பூ வண்டியில் வந்தான். பின்னால் மல்லிகை மணக்க, வண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையாரை அவனே புதுப்பசை போட்டு என் பக்கம் திருப்பி ஒட்டியிருந்தான். பின்னால் பஸ் வருகிறதா என்று பார்க்க மேலே இருந்த கண்ணாடியைத் திருப்பினேன். அது கொஞ்சம்கூட அசையாமல், மீசை இல்லாத என் முகத்தை மூக்கு நுனி வரைக்கும் தெளிவாகக் காட்டியது. நான் அதைப் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். சட்டென்று வாயைப் பொத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வண்டியில் அன்றைக்கு நடுங்கியது அவன் தோள் மட்டும்தான்.