தங்கைக்குப் போன பதினோரு மனுக்கள்

தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்கு எதிரே நிசார் அகமதுவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு மாதேஸ்வரன் மனு எழுதுகிறார். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று அவர் மேசை முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், கலெக்டரே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வராத தண்ணீர், வந்து போகாத தண்ணீர், எல்லாம் எழுதுவார். ஆனால் "தங்கள் பாதம் பணிந்து" என்று மட்டும் அவர் கை எழுதாது. அப்படித்தான் எழுதவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"கேக்கறது உங்க உரிமைங்க. அதுக்கு எதுக்கு கால்ல விழணும்?" என்பார்.

அந்த வீம்புதான் அவர் வாழ்க்கையை ஒரு விஷயத்தில் கெடுத்தது.

அவருக்கு ஒரே தங்கை, மலர்விழி. அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, இவருக்கு இருபத்தொன்று. கடத்தூரிலிருந்து அவளை பஸ் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியதும், சேலத்தில் நர்சிங் சேர்த்ததும், விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இங்கிலாந்துக்கு வழியனுப்பியதும் இவர்தான். அவள் அங்கே போன மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. டேவிட் என்ற ஒரு வெள்ளைக்காரருடன் அவள் மாலையும் கழுத்துமாக நின்றாள். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ, கேட்கவில்லையே என்றுதான் அவருக்கு வலித்தது. "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

கோபம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஏழெட்டு வருடத்தில் ஆறிவிட்டது. ஆனால் அது ஆறுவதற்குள் மலர்விழி கவுன்சிலர் ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்காகச் சங்கத்தில் பேசப்போனவள், சங்கத்திலிருந்து கட்சிக்குப் போய், வட இங்கிலாந்தில் ஒரு பழைய ஆலை நகரத்தின் நகரசபைக்குள் நுழைந்துவிட்டாள். வீடு வீடாகக் கதவைத் தட்டித்தான் ஓட்டுக் கேட்டாளாம், மழையிலும் நடந்தாளாம். பத்து வருடம் கழித்து அந்த நகரசபைக்கே தலைவரும் ஆனாள். இதெல்லாம் மாதேஸ்வரனுக்கு மனைவி தீர்த்தம்மாள் மூலம் தெரியும். அவளும் மலர்விழியும் ஆரம்பத்திலிருந்தே போனில் பேசிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் இவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பார்.

"நீங்களும் ரெண்டு வார்த்த பேசலாமில்லீங்க?" என்று தீர்த்தம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"பதவி வந்தப்புறம் பேசுனா, பதவிக்காகப் பேசுனதா ஆயிடும்."

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். தங்கை முன்னால் அந்த முகத்தோடு நிற்க அவரால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவள் தலைவரான செய்தி பேப்பரில் வந்ததும் நிசார் அகமது சும்மா இருப்பாரா? "இங்கிலாந்தை ஆளும் கடத்தூர் மண்ணின் மகளே!" என்று பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். மூலையில் மாதேஸ்வரனின் ரேஷன் கார்டு போட்டோ, "அன்பு அண்ணன்" என்ற பட்டத்தோடு.

"ஒரு ஊரு நகரசபைங்க அது. நாட்டையா ஆளுது?"

"அண்ணா, பேனர்ல அப்படித்தான் போடணும்" என்றார் நிசார்.

வினை அங்கேதான் தொடங்கியது. அடுத்த திங்களே காரிமங்கலத்துக்காரர் ஒருவர் மகனுக்கு விசா வேண்டுமென்று வந்து நின்றார். பென்னாகரத்துப் பெரியவர் ஒருவர், காவிரித் தண்ணீரை எங்கள் ஏரிகளுக்குத் திருப்பவேண்டும் என்றார்.

"அதுக்கு இங்கிலாந்துல என்னங்க பண்ணுவாங்க?"

"காவிரி ஒப்பந்தம் வெள்ளைக்காரன் காலத்துல போட்டதுதானே? அவங்களையே ஒரு வார்த்த கேட்டுப்புடலாம், எழுதுங்க."

கேட்டு வந்தவரை எழுதாமல் திருப்பி அனுப்பும் வழக்கம் மாதேஸ்வரனுக்கு இல்லை. "பெறுநர்: மாண்புமிகு நகரசபைத் தலைவர் அவர்கள்" என்று எழுதினார். அனுப்புநர் இடத்தில் பெரியவர் பெயர், கீழே பெரியவர் கைநாட்டு. தன்னைப் பற்றி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மூன்று வருடத்தில் இப்படிப் பதினோரு மனுக்கள் போயின. பதினொன்றும் அண்ணன் கையெழுத்தில்.

ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. டைப் அடித்ததல்ல, மலர்விழி கையால் தமிழில் எழுதியது. குப்பை, தெருவிளக்கு, நூலகம், முதியோர் பராமரிப்பு இவை மட்டுமே தன் நகரசபையின் பொறுப்பு என்று பொறுமையாக விளக்கியிருப்பாள். மனுதாரர்கள் பதிலை ஜெராக்ஸ் கடைக்கே கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். இவர் நடுங்காத குரலில் படித்துக் காட்டுவார். பென்னாகரத்துப் பெரியவருக்கு வந்த பதிலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "மனு எழுதியவர் நலமாக இருக்கிறாரா?"

அந்த வரியை மட்டும் அவர் படிக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகு யாருக்கும் எழுதவும் இல்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பியவர், பஸ்சில் கடத்தூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

போன மே மாதம் அங்கே தேர்தல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்த்தம்மாள் போனைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"மலரு தோத்துடுச்சுங்க. தலைவர் பதவி மட்டுமில்ல, நின்ன வார்டே போச்சாம்."

மாதேஸ்வரனுக்கு முதலில் வந்தது துக்கம்தான். மழையில் நடந்து கதவு தட்டிய பெண் கண்ணில் வந்தாள். அதற்குப் பின்னாலேயே, மூட்டையை இறக்கி வைத்தமாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. தங்கை தோற்றதில் நிம்மதியா என்று தன்மேலேயே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை நீட்டினார்.

"போனக் கொடு."

அந்தப் பக்கம் மணி அடித்தது. "சொல்லுங்கண்ணி" என்றாள் மலர்விழி. அழுத குரல்.

"அண்ணியில்ல. நாந்தான்."

"நான் தோத்துட்டண்ணா" என்றாள், பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி.

"தெரியும். அதனாலதான் கூப்புட்டேன்."

"என்னண்ணா சொல்றீங்க?"

"நேத்து வரைக்கும் ஊரே உங்கிட்ட கேட்டுட்டு நின்னுச்சு. அந்த வரிசையில நான் எப்படி வந்து நிக்கறது? இப்ப எனக்கு உங்கிட்ட கேக்க ஒண்ணுமில்ல, மலரு."

அவள் அழுது முடிக்கும்வரை இவர் காத்திருந்தார். தீர்த்தம்மாள் கதவோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேக்க இருக்குண்ணா," என்றாள் மலர்விழி. "நான் வூட்டுக்கு வரட்டுமா?"

ஒரு மாவட்டத்துக்கே வார்த்தை எழுதிக்கொடுத்தவர் போனை மனைவியிடம் நீட்டினார்.

"வரச் சொல்லு," என்றார். "ரெண்டு பேரையும்."