இரும்பு மீனில் சிக்கிய மான்

துறைமுகத்துப் பக்கக் கடற்கரை வீதி நெடுகப் பெரிய இரும்புச் சிலைகளை நிறுத்தினார்கள். அவற்றில் ராட்சத மீனுக்கு வெல்டிங் செய்தவன் நான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை, நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று மீனுக்கு அடியில் நட்டிருந்த பூங்கன்றுகளை மேய வந்து, மீனின் விலாக் கம்பிகளுக்குள் கொம்பை மாட்டிக்கொண்டது. சனம் சுற்றி நின்று கைபேசியில் படம் பிடித்தது.

இரும்பு வெட்டும் கிரைண்டரோடு ஓடிப்போய், சிலை வேலைக்குப் பொறுப்பாக அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டேன்.

"துள்ளுது சேர், கொம்புக்குக் கிட்டப் போக ஏலாது. மற்றப் பக்கத்தால ஒரு கம்பியை வெட்டுறன். பின்னேரத்துக்குள்ள திருப்பி ஒட்டிப்போடுவன்."

"நாளைக்கு அமைச்சர் வாறார். சிலையில கை வைக்காதீங்கோ. அது தானா இழுத்துக்கொண்டு போகும்."

ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பொலிஸ்காரர் அவளைத் தள்ளி நிறுத்தினார்.

மத்தியான வெயிலில் மான் முழங்கால் மடிந்து, கொம்பில் தொங்கியபடி செத்தது. அப்போதும் கம்பியை வெட்ட விடவில்லை. கொம்பை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். கொம்பு தீய்ந்து, எரிந்த மயிர் நாற்றம் அடித்தது.

அதிகாரி மீனைத் தடவிப் பார்த்தார்.

"இந்த உரசலுக்குப் பெயின்ற் அடிச்சுவிடுங்கோ."

ஒரு தரத்தில் உரசல் மறையாததால் இரண்டு தரம் அடிக்க வேண்டியிருந்தது.