உகாதிக் கணக்கும் சித்திரைக் கணக்கும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வரவு, செலவு, சரக்கு, சாக்கு. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். பேச வராதவனுக்கு எழுத்து வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. முதல் வரியை எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ராயக்கோட்டை மண்டியில் பார்த்த வேலை போய், ஓசூரில் ஒரு புண்ணாக்குக் கடைக்குக் கணக்கு எழுத வந்தேன். சந்தைக்குப் போகிற வழியில் இருந்த கடை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு எல்லாம் விற்பார்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்தும் வருவார்கள், எல்லை தாண்டி ஆனேக்கலிலிருந்தும் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் நடக்கும். கோபம் வந்தால் மட்டும் அவரவர் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கடைக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் தெலுங்கு பேசுகிற செட்டியார், வயதில் மூத்தவர். இன்னொருவர் தமிழ் பேசுகிற முஸ்லிம். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். இருவரும் வாலிபத்தில் ஒரே வண்டியில் சரக்கு ஏற்றிப்போய் விற்றவர்கள். செட்டியாருக்கு சரக்கின் தரம் தெரியும், ஒரு துண்டை உடைத்து முகர்ந்தே எந்தச் செக்கு என்று சொல்வார். ஆனால் வாங்க வந்தவரிடம் சிரிக்க மாட்டார். பாய்க்கு அந்தக் கவலையே கிடையாது. வெறுமனே விலை கேட்க வந்தவரும் ஒரு மூட்டையோடுதான் போவார்.

நான் போன சமயத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சேர்ந்தாற்போல் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். செட்டியார் என்னிடம், "அவரைக் கேளு, தவிடு எத்தனை மூட்டை இருக்குன்னு" என்பார். பாய் என்னிடம், "எட்டுன்னு சொல்லு" என்பார். எட்டு என்று நானும் சொல்வேன், சொல்லாவிட்டால் இருவருமே என்னைப் பார்ப்பார்கள்.

காரணம் விற்பனை வரி ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ். வருஷத்தில் ஒரு தொகைக்கு மேல் விற்றால்தான் அப்போது வரி. அந்தத் தொகையை எட்டாமல்தான் கடை இத்தனை நாளும் ஓடியது. அந்த வருஷம் ஊரில் வரிக் கணக்கு எழுதித் தருகிற ஒருவரிடம் போய் மொத்தத்தைச் சொன்னார்கள். அவர் கூட்டிப் பார்த்து எழுதி அனுப்பினார். தொகை எல்லையைத் தாண்டிவிட்டது. வரி கட்டு, இல்லையென்றால் கிருஷ்ணகிரிக்கு வந்து விளக்கம் சொல் என்று நோட்டீஸ் வந்தது.

வரியைக்கூட இருவரும் தாங்கியிருப்பார்கள். அவ்வளவு விற்றிருந்தால் அந்தப் பணம் பெட்டியில் இருக்க வேண்டுமே என்பதுதான் தாங்க முடியாததாகிவிட்டது. பெட்டி ஒன்று, சாவி இரண்டு. கணக்கில் இருக்கிற பணம் பெட்டியில் இல்லை. தான் எடுக்கவில்லை என்பது இருவரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியானால் எடுத்தது யார்? வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பார்கள். பாய், பெங்களூரில் மருமகன் வைத்திருக்கிற கடைக்கே போய்விடுகிறேன், என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். செட்டியாருக்குப் பிள்ளை இல்லை. பாய் போனால் கடையை மூடவேண்டியதுதான் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் சரி என்றார்.

பிரிப்பதற்கு முன் கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது சாக்கை. மூட்டை வாங்குகிறவர்கள் சாக்குக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போவார்கள். காலிச் சாக்கைத் திருப்பித் தந்தால் அதை வாங்கிக்கொள்வார்கள். அது விற்பனை இல்லை, கைமாற்று மாதிரி. செட்டியார் தெலுங்கில் எழுதிய பக்கங்களில் எனக்குத் தொகை மட்டும்தான் புரிந்தது. பாய் தமிழில் எழுதிய பக்கங்களில் சில இடங்களில் அதையும் விற்பனையில் சேர்த்து எழுதியிருந்தது. அதையெல்லாம் பென்சிலால் தனியாகப் பிரித்தேன். தொகை கொஞ்சம் இறங்கியது, ஆனால் எல்லைக்குக் கீழே வரவில்லை. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் சரியாகக் கூட்டக் கூட்ட அவர்கள் பிரிவதும் உறுதியாகிக்கொண்டே போனது.

கிருஷ்ணகிரி போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பிற்பகல் சரக்கைப் பிரித்தார்கள். மூட்டைகளை ஆளுக்கொரு சுவரோரமாக அடுக்கச் சொன்னார்கள். கடைசியில் தராசு மிஞ்சியது.

"தண்டும் தட்டும் அவரு எடுத்துக்கட்டும். எடைக்கல்லு எங்கப்பா காலத்தது" என்றார் செட்டியார், என்னைப் பார்த்து.

பாய்க்குப் பொறுக்கவில்லை. நேராகவே பேசிவிட்டார். "அப்ப நான் தட்டுல எதைப் போட்டு நிறுக்கறது செட்டியாரே? உங்க கோவத்தையா?"

"அதுக்கு உன் தராசு தாங்காது பாய்."

பல நாளைக்குப் பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசியது அதுதான். அந்த இடைவெளியை விட்டால் பிறகு எனக்கு வாய் வராது என்று தோன்றியது.

"ஒரே ஒரு தடவை" என்று ஆரம்பித்தேன். "ரெண்டு புஸ்தகத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துடலாங்களா?"

ஏன் இரண்டு புத்தகம் என்பதைச் சொல்லவேண்டும். செட்டியார் வீட்டு வழக்கப்படி உகாதியன்று புதுக் கணக்கு. புத்தகத்துக்கு மஞ்சள் வைத்துப் பூஜை செய்து அன்றே எழுத ஆரம்பிப்பார். பாயின் அப்பா காலத்திலிருந்து அவர்களுக்கு சித்திரை ஒன்றுதான் புதுக் கணக்கு. வாடிக்கைக்காரர்கள் பாக்கி தீர்ப்பதும் அந்த நாளில்தான் என்பதால், அதுவரை பழைய புத்தகத்தில்தான் எழுதுவார். மற்ற நாளெல்லாம் இருவரும் ஒரே புத்தகத்தில் முறைபோட்டு எழுதுகிறவர்கள். பல வருஷங்களில் உகாதிக்கும் சித்திரைக்கும் நடுவே சில நாள்தான் இருக்கும். அந்த வருஷம் உகாதி சீக்கிரமே வந்துவிட்டது.

"கூட்டித்தான் குடுத்தாச்சே, இனிமே எதுக்குப் படிக்கணும்?" என்றார் செட்டியார்.

"எனக்குத் தெலுங்கு எழுத்து வராதுங்க."

பாய் சிரித்தார். "வராததை வராதுன்னு சொல்ற ஆளு இந்தக் கடையில இவன் ஒருத்தன்தான். படிங்க செட்டியாரே. போறப்ப உங்க குரலையாவது கேட்டுட்டுப் போறேன்."

செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உகாதிப் புத்தகத்தைப் பிரித்தார். நான் பழைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆனேக்கல் பட்டேல் வீடு, கடலைப் புண்ணாக்கு மூணு மூட்டை" என்று படித்தார். என் மடியிலும் அது இருந்தது. ஒரே வீட்டார் அடிக்கடி வாங்கலாம் என்று பேசாமல் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்ததும் இருந்தது. அதற்கும் புள்ளி வைத்தேன்.

"அஞ்செட்டி ஆளு, பருத்திக்கொட்டை ரெண்டு மூட்டை. காளை தின்ன ஒரு படி தள்ளுபடி."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை நீங்க ஏன் எழுதினீங்க?"

"வித்தோம், எழுதினேன்."

"வித்தது நான். எழுதினதும் நான். அந்தச் செவலைக் காளை உள்ள பூந்து சாக்கைக் கிழிச்சுத் தின்னுச்சே! பாவம், மலையிலிருந்து நடந்து வந்த மாடு, ஒரு படிக்குக் காசு வாங்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப அதுக்கென்ன?"

"அன்னைக்கு சாயங்காலமே எழுதிட்டேன் செட்டியாரே. பழைய புஸ்தகத்துல."

செட்டியார் கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டு கம்பியிலயே இருந்துச்சே. மறுநாள் காலையில அதைப் பார்த்துத்தான் நான் எழுதினேன்."

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கம்பியில் குத்துவது கடை வழக்கம். எழுதிய பிறகும் சித்திரை வரைக்கும் சீட்டை எடுக்கமாட்டார்கள்.

"உகாதிப் புஸ்தகம் பூஜைக்குத்தானே? நல்ல நாளுக்கு ரெண்டு வரி போடுவீங்க, மீதியை நாமதான் எழுதணும்னு நெனச்சேன்" என்றார் பாய்.

"பூஜை ஒரு நாளு. அப்புறம் அதை மூடி வெச்சு வேடிக்கையா பார்ப்பாங்க? நீதான் பழைய புஸ்தகத்துல பழைய பாக்கி வரவை மட்டும் எழுதறேன்னு நான் நெனச்சேன்."

"எட்டிப் பார்த்திருக்கலாமே."

"நீ எழுதறதை நான் எட்டிப் பார்த்தா, நீ என்ன நெனப்பே?"

பாயும் அதே காரணத்துக்காகத்தான் எட்டிப் பார்க்காமல் இருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உகாதியிலிருந்து, வரி வருஷம் முடிகிற மார்ச் கடைசிவரை எல்லா விற்பனையும் இரண்டு புத்தகத்திலும் ஏறியிருந்தது. கோடை தொடங்கி, புல் காய்ந்து, புண்ணாக்கு நன்றாக விற்கிற நாட்கள் அவை. வரிக் கணக்கு எழுதித் தந்தவர் பழைய புத்தகம் எவ்வளவு என்று கேட்டார், பாய் சொன்னார். புதுப் புத்தகம் எவ்வளவு என்று கேட்டார், செட்டியார் சொன்னார். அவர் இரண்டையும் கூட்டிவிட்டார். இல்லாத விற்பனைக்குப் பெட்டியில் பணம் எப்படி இருக்கும்?

மீதியையும் படித்து முடித்தோம். புள்ளி வைத்ததையெல்லாம் ஒரு முறை கழித்து எழுதினேன், சாக்குத் தொகையும் போனது. தொகை எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. இதை ஆபீசர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற கவலை இருந்தது. அதற்குப் பிறகும் சில தடவை கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டித்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் யாரும் வரியைப்பற்றிப் பேசவில்லை.

மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. செட்டியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார், "நம்ம காளை நல்ல காளை பாய். ஒரு தடவை தின்னுட்டு ரெண்டு தடவை தள்ளுபடி வாங்கியிருக்கு."

"நாளைக்கு ஆபீசர்கிட்ட நீங்க பேசாதீங்க. கோவம் வந்தா தெலுங்குக்குப் போயிடுவீங்க" என்றார் பாய்.

"நீ பேசினா ஆபீசருக்கே ரெண்டு மூட்டை வித்துட்டு வந்துடுவே."

"வித்தா ஒரு புஸ்தகத்துலதான் எழுதணும், ஆமா."

அப்போதுதான் செட்டியார் சிரித்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மேல்பல் இரண்டு இல்லை. பெங்களூர்ப் பேச்சைப் பாய் எடுக்கவில்லை, செட்டியாரும் கேட்கவில்லை. முதல் பஸ்ஸுக்கு யார் யாரை எழுப்புவது என்று தகராறு செய்துகொண்டே இருவரும் தெருவில் இறங்கினார்கள். எனக்குக் கடைச் சாவியைக் கொடுக்க மறந்து, பாதி வழியிலிருந்து பாய் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸில் இரண்டு புத்தகங்களோடு கிருஷ்ணகிரி போனார்கள். நான் கடையைத் திறந்தேன். மதியம் வரை தூறல். ஒருவர் மட்டும் வந்து அரை மூட்டை பருத்திக்கொட்டை கேட்டார். யார் பங்கு என்று பார்க்காமல், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அடுக்கிலிருந்து நிறுத்துக் கொடுத்தேன்.