எபனுக்குக் கிடைத்த விடுதலை

புதன்கிழமைதோறும் தொலைக்காட்சியில் எபன் என்ற கொத்தடிமையாக வந்தவன் டெல்மர் கில்பின். அந்தத் தொடரின் கதை இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க எல்லைக்காட்டில் நடக்கிறது. கப்பல் கட்டணத்துக்கு ஈடாகத் தன்னையே ஏழு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்து அமெரிக்கா வந்தவன் எபன். கதாநாயகன் கரடியைக் கொல்வான்; எபன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவான், உதை வாங்குவான், கடைசியில் ஏதாவது உளறி ஊரையே சிரிக்க வைப்பான்.

டெல்மரும் எழுதிக் கொடுத்தவன்தான், ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கு ஏழு வருஷம். அவர்கள் நினைத்தால் அவனை நாளைக்கே அனுப்பலாம், அவனாகப் போக முடியாது. கையெழுத்துப் போட்ட அன்று இதைச் சொல்லிச் சிரித்தவனே அவன்தான். நாலாம் வருஷம் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் பிட்ஸ்பர்க் நாடகக் குழு. இளமையில் அவனோடு பட்டினி கிடந்த நண்பர்கள் ராஜா வேஷத்தை அவனுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக மேடை நடுவில் நிற்கப் போகிறான். இலையுதிர் காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

கெஞ்சிக் கெஞ்சித் தயாரிப்பாளர் லாஸ்கரைச் சம்மதிக்க வைத்தான். "சரிப்பா, இந்த வருஷத் தொடரோட கடைசி வாரத்துல எபனுக்கு விடுதலை குடுத்துடறோம். அவன் போனா நீயும் போ."

அந்தக் காட்சியன்று உடுப்புக்காரி ரூத்தி அவன் கந்தல் சட்டையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "டெல், சும்மா வாய்க்குள்ள முணுமுணுத்துட்டுப் போயிடு. நல்லா நடிச்சுத் தொலைக்காத."

"எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். ஆனால் கேமரா ஓடியதும் நாலு வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது. விடுதலைச் சீட்டை வாங்கினான், நடந்தான், பழக்கதோஷத்தில் வழியில் கிடந்த வாளியை எடுத்துச் சுவரோரம் வைத்தான். வைத்த பிறகுதான் இனி அது தன் வேலையில்லை என்று உறைத்தது. சிரித்தான், சிரிப்பு அழுகையானது. விளக்குப் பிடித்தவன்கூட மூக்கைச் சிந்தினான். லாஸ்கர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இத்தனை நாளா இதையெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?"

ரூத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

திருத்திய வசனம் நீலத்தாளில் வருவது அங்கே வழக்கம். மறுநாள் காலை நீலத்தாள் வந்தது. எபன் போன வழியே திரும்பி வருகிறான், சீட்டை அடுப்பில் போடுகிறான். "எனக்கு எங்கய்யா போக்கிடம்? உங்க காலடியே போதும்."

டெல்மர் லாஸ்கரிடம் பாய்ந்தான். "வாக்குக் குடுத்தீங்களே!"

"எபனை விடுவிக்கறதா சொன்னேன், விடுவிச்சாச்சு. அவனே இருக்கேங்கறான், நான் என்ன பண்றது? இப்படி ஒரு நடிகனை எவனாவது விடுவானா?"

டெல்மர் அந்த வசனத்தைச் சொன்னான். கண்ணில் வந்தது சுத்தமான ஆத்திரம். கேமராவில் அது விசுவாசமாகத் தெரிந்தது. ஒரே தடவையில் காட்சி சரியாகிவிட்டது.

இலையுதிர் காலத்தில், பிட்ஸ்பர்க்கில் வேறொருவன் கிரீடம் வைத்துக்கொண்டிருந்த வாரம், மளிகைக் கடையில் ஒரு அம்மாள் டெல்மர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அன்னிக்கு நான் அழுதுட்டேன். போகச் சொன்னாலும் போகாத வேலைக்காரன் இந்தக் காலத்துல யாருக்குக் கிடைப்பான்?"

அவள் எதற்காகக் காத்து நிற்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. எபன் சிரிக்கிற மாதிரியே சிரித்துக் காட்டிவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் போனான்.