ஓட்டை இருந்த பக்கம்

அறுவடைக் காலத்தில் கல்முனை வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் வயல் வாடிக்குப் போய்விடுவோம். வாடி என்றால் நாலு கம்பும் ஓலைக் கூரையும்தான். மஃரிப் நேரத்தில் வயல் பொன்னிறம் மங்கி மெல்லச் சாம்பலாகும். அப்போது வாப்பா வெள்ளை நுளம்பு வலையை விரித்துக் கட்டுவார். அதற்குள் புகுந்துவிட்டால் உலகம் பாலாடை போர்த்திக்கொள்ளும். மாடுகள், வைக்கோல் குவியல், வரப்போரம் தொழுதுகொண்டிருக்கும் வாப்பா, எல்லாமே மிதக்கும்.

வலையின் ஒரு பக்கத்தில் மூன்று விரல் நுழையுமளவு ஓட்டை. எனக்கு அப்போது ஏழு வயது.

“காக்கா, இந்தப் பக்கம்தான் காத்து வரும். நீங்க படுங்க.”

என்னைவிட இரண்டு வயது மூத்த காக்கா ஏற இறங்கப் பார்த்தார். “என்ன புள்ள, இண்டைக்கு மரியாத கூடிட்டு?” என்றபடி படுத்துக்கொண்டார். காற்று உண்மையிலேயே வந்தது. நுளம்பும் வந்தது.

வீடு திரும்பி இரண்டாம் கிழமை இருவருக்கும் காய்ச்சல். விரலில் குத்திப் பார்த்து, இரண்டு பேருக்குமே மலேரியா என்றார்கள். நான் நடுங்கினேன், கசப்புக் குளிசையைத் துப்பி உம்மாவிடம் அடி வாங்கினேன், நாலாம் நாள் சோறு கேட்டேன். காக்கா கேட்கவில்லை. வலிப்பு வந்து, பேச்சு நின்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெழுகாய் வெளுத்துக் கிடந்தார்.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“என்ட ரத்தத்த எடுங்க. எல்லாத்தையும் எடுங்க.”

ரத்தம் பார்ப்பவர் சிரித்து, என் மனம் ஆறட்டும் என்று ஒரு துளி எடுத்துப் பார்த்தார். “நீங்க ஓ, மகள். வாப்பாட ரத்தம். காக்காக்கு உம்மாட ஏ. உம்மாவே குடுக்கட்டும்.”

என் ரத்தம்கூட வேண்டாமாம் என்று விளங்கிக்கொண்டேன். உம்மா கொடுத்தார். காக்கா கண் திறந்தார்.

அன்றிலிருந்து அது உம்மாவின் கதை. பெருநாளுக்கு யார் வந்தாலும், “என்ட ரத்தம்தான் இவன இழுத்துப் புடிச்ச” என்பார். “அதான் எனக்கும் இவ்வளவு கோவம் வருகுது” என்பார் காக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் ஓட்டையை நினைத்துக்கொள்வேன்.

பிறகு மலேரியா எங்கள் நாட்டை விட்டே போயிற்று. ஓட்டை போகவில்லை.

போன மாதம், ஆபிரிக்காவில் வேலை செய்யும் கணவரிடம் மகளோடு போவதற்காகத் தடுப்புக் குளிசை எடுக்கப் போனேன். நான் கேட்ட கேள்விகளுக்கு டொக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். கிருமி எந்த வகை ரத்தத்துக்குள்ளும் போகும். ஆனால் கடும் மலேரியாவில் கிருமி புகுந்த செல்கள் மற்றச் செல்களோடு ஒட்டித் திரண்டு நுண்ணிய குழாய்களை அடைக்கும். ஏ வகையில் அந்தப் பிடி இறுக்கம், ஓ வகையில் தளர்வு.

“அதுக்காக ஏ எல்லாருக்கும் கடுமையாகும் எண்டில்ல. ஓவுக்கு ஒண்டும் வராது எண்டுமில்ல. குளிசைய விடாம குடுங்க.”

உள்ளே புகுந்த நுளம்பு பக்கம் பார்க்காமல் எங்கள் இருவரையும்தான் கடித்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததில் பாதியாவது ஓட்டையின் வேலை இல்லையோ? முதல் தடவையாக எல்லாவற்றையும் உம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

உம்மா பேத்திக்கு வாங்கிய புது வலையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். “ஓட்ட கீட்ட ஒண்டுமில்ல, பாத்திட்டன். புள்ளட ரத்தம் என்னவாம்?”

“ஏ, உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்! என்ட ரத்தம். இனிப் பயமில்ல.”

உண்மையில் அது என் கணவர் வழி வந்தது. நான் திருத்தவில்லை.

காக்காவுக்கு உம்மா இரண்டு தரம் ரத்தம் கொடுத்திருக்கிறார், பிறக்குமுன் அந்த இறுகிப் பிடிக்கும் ஏ வகையாய் ஒரு தரம், அந்தக் கட்டிலில் ஒரு தரம். ஏழு வயதில் எனக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். உம்மாவுக்கு இன்றுவரை அது மட்டுமே தெரியும். “ஓம் உம்மா” என்று வலையை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.