பனி குடித்த பஞ்சு

பஞ்சை நம்பித் தொழில் செய்கிறவன் தராசை நம்பக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து வசவு வாங்கிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு பூண்டுலோயாக் கூட்டுறவுச் சங்கத்தின் பஞ்சுப் பட்டறைக்கு நான்தான் மனேஜர். உறுப்பினர்கள் கொண்டுவரும் இலவம் பஞ்சை வாங்கி, மெஷினில் கொட்டை நீக்கி, கொழும்பு மெத்தைக் கடைகளுக்கு அனுப்புவோம்.

காலைக் கொள்முதல்

உறுப்பினர்களான தேயிலைத் தோட்டத்து ஆட்கள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில், விடியற்காலைப் பனியிலேயே மூட்டையோடு வந்துவிடுவார்கள். நானும் சந்தோஷமாக நிறுத்து வாங்கினேன். வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேற்றும்போது பார்த்தால், கொட்டைக்குக் கழித்தது போகவும் எடை குறைகிறது. எவன் திருடுகிறான் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மெஷின் சுற்றும் மீனாட்சி அக்கா, அன்று வந்த மூட்டையில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். கை ஈரமானது.

“நீங்க பஞ்சு வாங்கலைங்கய்யா, பனியைத்தான் வாங்கியிருக்கீங்க.”

சாயந்தரக் கொள்முதல்

இனிமேல் வெயிலில் காயவைத்து, வேலை விட்டு வரும்போது கொண்டுவாருங்கள் என்றேன். உறுப்பினர்களுக்கு வந்ததே கோபம்! கடைவீதியில் பஞ்சு வியாபாரம் செய்த காசிம் நானா ஈரத்தைப் பார்க்காமல், ராத்தலுக்கு ஒரு சதம் கூடவும் கொடுத்தார். அத்தனை மூட்டையும் அங்கே போனது. எங்கள் மெஷின் சும்மா கிடக்க, பட்டறையை மூடிவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. மீனாட்சி அக்கா வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான். இப்படி வாங்கினால் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று நானாவிடமே போய்க் கேட்டேன். மனுஷன் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு மாசம் நஷ்டப்பட்டா என்ன மனேஜர், பொறவு பார்த்துக்கலாம்.”

வருஷக் கூட்டம்

பட்டறையை மூடச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். உடனே கொழுந்து பறிக்கும் கருப்பாயி எழுந்து நின்றார். அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரு ராத்தல்கூடப் போடாதவர். தொலைந்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“மூடிப்புடாதீங்க தலைவரய்யா. இந்தப் பட்டறை இருக்குங்கிற பயத்துலதான் நானா ஒரு சதம் கூடப் போடுறாரு. மூடினா நம்ம தலையில மொளகாய் அரைச்சிருவாரு. பாதிப் பஞ்சை இங்க போடுவோம், பாதிய அங்க போடுவோம்.”

ஒரு கைகூட எழவில்லை. லாபம் காட்டிக் காப்பாற்ற முடியாத பட்டறையை, அடுத்த கடைக்காரருக்குப் பயம் காட்டியே பல வருஷம் நிம்மதியாக நடத்தினேன்.