ஸ்டீயரிங்கை மாற்றித் தந்த நிஸாம் நானா

யுத்த காலத்தில் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஷெல் துண்டு பட்டு மடங்கிப்போன என் இடது கையைப் பார்ப்பவர்கள் எல்லோரும், "இது எப்படி வந்தது?" என்றே கேட்பார்கள். சோதனைச் சாவடியில், நானும் போராளியோ என்று இராணுவத்தினர் சந்தேகிப்பார்கள் என்ற பயத்தோடுதான் அதற்குப் பதில் சொல்வேன்.

கண்டி நகரில் கம்ப்யூட்டர் கேம் விளையாடும் கடை ஒன்று இருந்தது. கார் ரேஸுக்கு அங்கே நிஜ ஸ்டீயரிங் போலவே ஒன்று பூட்டியிருந்தார்கள். ஒருநாள் நான் ஓட்டிய கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வளைவில் சுவரில் மோதியது. தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர் அருகில் வந்தார். பிலிமத்தலாவையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த நிஸாம் நானா; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதுவரை நாங்கள் பேசியதில்லை. அவர் பார்வை என் கையில் நின்றது. வழக்கமான கேள்விக்கு மனதைத் தயார்படுத்தினேன்.

"தம்பி, எந்த வளைவுல கஷ்டமா ஈக்குது?" என்றார்.

"கடைசி வளைவு நானா. முழுக்கத் திருப்ப ஏலாமக் கிடக்கு."

"அப்ப கார் செட்டிங்கை மாத்துவோம். கொஞ்சம் திருப்பினாலே டயர் நல்லாத் திரும்பணும். பின்பக்கம் சறுக்காம, காரை ரோட்டோட அமுக்கிப் பிடிக்கிற பின் விங்கையும் கூட்டுவோம். நேர் ரோட்டுல வேகம் குறையும், பரவாயில்ல."

தன் முறையையும் எனக்கே விட்டுத்தந்தார். கார் அந்த வளைவை உரசாமல் கடந்தபோது இருவரும் சேர்ந்து கத்தினோம்.

பிறகு எத்தனையோ நாள் ஒன்றாக விளையாடினோம். கையைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்கவில்லை. ஒருநாள் நானாகவே சொன்னேன். பயமில்லாமல் நான் அதைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.